பற்றும் பற்றுக்கோடும்

தமிழ் நூல்களைப் பயில்வார்க்குப் பற்று என்னுஞ் சொல் புதியதன்று. அறநூல்களில் அது விடற்பாலது. திருக்குறளில் துறவு என்னும் அதிகாரம் அதனை விடும் நெறியையே விரித்துரைக்கின்றது. பாசம் என்னுஞ் சொல்லோ கயிறு என்று பொருள்படும். சைவ சித்தாந்த நூல்களில் அஃது உயிரைக் கட்டிவைக்கும் தளையின் பெயர். ஆயின் வீட்டில் வழங்கும் மொழி வேறு. தாய்ப்பாசம் என்றும் நாட்டுப்பற்று என்றும் யாவரும் போற்றியே கூறுவர். ஒரு சொல்லே ஏட்டில் தளையாகவும் வீட்டில் செல்வமாகவும் நிற்பது எங்ஙனம்? இவ்வினா எம் உள்ளத்தில் நெடுநாள் விடையின்றிக் கிடந்தது.

சென்ற ஆண்டு கல்லூரி நூலகத்தில், உளநூல் வரிசையில் ஓர் ஆங்கில நூல் எம் கண்ணிற் பட்டது. 1978-ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் பெயரைத் தமிழாக்கினால் ‘பற்றின் வகைகள்’ என்னலாம். தமிழ் பயில்வார்க்கு அவ்வரிசையில் யாது வேலை என்று நண்பர் நகைத்தனர். பெயரிற் கண்ட சொல்லே எம்மை ஈர்த்தது. அந்நூலின் முதலாசிரியர் மேரி ஐன்ஸ்வொர்த் என்னும் அம்மையார். அவர்தம் கல்வியையும் ஆராய்ச்சியையும் எமக்கு விளங்கிய அளவில் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அம்மையார் 1913-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள கிளெண்டேல் என்னும் ஊரிற் பிறந்தார். பெண்மக்கள் மூவருள் இவரே மூத்தவர். இவர் சிறுமியாயிருக்கும்போதே குடும்பம் கானடா நாட்டு டொராண்டோ நகரிற் குடியேறிற்று. 15-ஆம் வயதில் வில்லியம் மக்டூகல் என்னும் உளநூலறிஞர் மக்களின் பண்பும் ஒழுக்கமும் பற்றி எழுதிய நூலொன்றைப் படித்தார். மக்கள் உள்ளத்தின் இயல்பை ஆராய்ந்தறிதல் கூடும் என்னும் எண்ணம் அன்று அவர்க்கு உண்டாயிற்று. அடுத்த ஆண்டே டொராண்டோப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். 1935, 1936, 1939-ஆம் ஆண்டுகளில் முறையே மூன்று பட்டங்களையும் பெற்றார். ஆங்கு அவர்க்கு ஆசிரியராக வாய்த்தவர் வில்லியம் பிளாட்ஸ். பெற்றோர் துணையுண்டு என்னும் நம்பிக்கை குழந்தைக்கு இருப்பின், அந்நம்பிக்கையே அதனைப் புதியன காண வெளியே செலுத்தும் என்பது பிளாட்ஸின் கொள்கை. அம்மையாரின் ஆராய்ச்சிப் பட்டக் கட்டுரையும் இது பற்றியதே. பிற்காலத்தில் அவர் கண்டவற்றுக்கெல்லாம் வித்து இதுவே எனலாம்.

1942-ஆம் ஆண்டு அம்மையார் கானடா நாட்டுப் பெண்கள் படையிற் சேர்ந்து, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பணியில் ஈடுபட்டு, மேஜர் பதவி வரை உயர்ந்தார். போருக்குப் பின் மீண்டும் டொராண்டோவில் ஆசிரியப் பணி. மைக்கறைகளைக் காட்டி உள்ளத்தின் இயல்பை அறியும் ரோர்ஷாக் சோதனையில் வல்லுநர் ஆயினார். 1950-ஆம் ஆண்டு லெனர்ட் ஐன்ஸ்வொர்த் என்பவரை மணந்தார். கணவர் மேற்பட்டத்தின் பொருட்டு இலண்டன் செல்ல, அம்மையாரும் உடன் சென்றார். ஆங்கு வேலையின்றி இருந்தவர் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் கண்டு விண்ணப்பித்தார். தாயைப் பிரியும் குழந்தைகளைப் பற்றி ஆராய, டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் ஆள் வேண்டியிருந்தது. ஆராய்ச்சித் தலைவர் ஜான் பௌல்பி. அன்று தொடங்கிய அவ்விருவர்தம் கூட்டுழைப்பு நாற்பதாண்டுக் காலம் நிலைத்தது.

அக்காலத்து இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவற்றில், நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் சென்று காண்பதற்கு மிகச் சிறு பொழுதே இசைவு தரப்பட்டது. பெற்றோர் வந்தால் குழந்தை அழும்; வாராவிடின் அமைதியாக இருக்கும்; ஆதலின் வாராமையே நன்று என்பது அவர்கள் கருத்து. பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்ஸன், இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று எட்டு நாள் மருத்துவமனையிற் கிடந்ததைப் படம் பிடித்து 1952-ஆம் ஆண்டு வெளியிட்டார். அக்குழந்தை மிகுதியாக அழவில்லை, அழுகையை அடக்கிக்கொண்டது. அவ்வடக்கமே காண்பார் உள்ளத்தை உருக்கிற்று. 1959-ஆம் ஆண்டு அரசாங்கக் குழுவொன்று, பெற்றோர் தடையின்றி வந்து காணலாம் என்று பரிந்துரைத்தது. அமைதி வேறு, ஆறுதல் வேறு என்பதை மருத்துவ உலகம் உணரத் தொடங்கிய காலம் அது. ராபர்ட்ஸனின் குறிப்புக்களைப் படித்த அம்மையார், தாமும் இவ்வாறே நேரிற் கண்டெழுத வேண்டும் என்று உறுதிகொண்டார்.

அதற்கு வாய்ப்பு ஆப்பிரிக்காவில் கிடைத்தது. 1954-ஆம் ஆண்டு கணவர்க்கு உகண்டா நாட்டுக் கம்பாலா நகரில் வேலை அமைந்தது. கம்பாலாவைச் சூழ்ந்த சிற்றூர்களில், 26 குடும்பங்களைச் சேர்ந்த பால்மறவாக் குழந்தைகளை அம்மையார் ஆராயத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொழிபெயர்த்துதவும் ஒருவருடன் சென்று, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பார். குழந்தை யாரைக் கண்டு சிரிக்கின்றது, யார் எழுந்து சென்றால் அழுகின்றது, யார் வருகையிற் கைகொட்டுகின்றது என்பனவற்றையெல்லாம் எழுதிவைத்தார்.

பாலூட்டுவதனாலேயே குழந்தை தாயை விரும்புகின்றது என்பது அக்காலத்து உளநூலார் பலர் கொண்ட கொள்கை. பற்று என்பது உயிர் பிழைத்தற்பொருட்டு இயற்கையிலேயே அமைந்தது என்று பௌல்பி கூறியபோது, அம்மையார் முதலில் ஐயுற்றார். உகண்டாவில் அவ்வையம் அகன்றது. தவழுங் குழந்தை தாயின் மடியை விட்டு இறங்கும், சிறிது தொலைவு சென்று ஏதேனும் ஒன்றை எடுத்துப் பார்க்கும், திரும்பித் தாயை நோக்கிச் சிரிக்கும், மீண்டும் செல்லும். தாய் எழுந்து உள்ளே சென்றுவிடின் விளையாட்டு அன்றே நின்றுவிடும். பற்று குழந்தையைக் கட்டிவைக்கவில்லை, வெளியே அனுப்பிற்று. மேலும், தம் குழந்தையைப் பற்றிக் கேளாமலே பலவும் எடுத்துரைத்த தாயர்தம் குழந்தைகள் மிகுதியும் அச்சமின்றி இருந்தன. கூர்ந்து நோக்கும் தாயே அங்ஙனம் உரைத்தற்கு இயலும் அன்றோ? இவ்வாராய்ச்சி 1967-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது.

உகண்டாவினின்று அம்மையார் அமெரிக்கா சென்று பால்டிமோர் நகரிற் குடியேறினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் மனநோயாளர்க்குரிய உளநூல் கற்பித்தலும், மருத்துவமனையில் நோயாளரைச் சோதித்தலும் அவர்தம் பணி. 1960-ஆம் ஆண்டு திருமண வாழ்க்கை முறிவுற்றது. மக்கட்பேறு இல்லை. இத்துயரின் பின்னரே அவர்தம் பேராராய்ச்சி தொடங்கிற்று. 1963-ஆம் ஆண்டு முதல், 26 குடும்பங்களைத் தெரிந்துகொண்டு, குழந்தை பிறந்த முதல் திங்கள் முதலாக ஓராண்டு முடியும் வரை, தாமும் உதவியாளரும் ஒவ்வொரு வீட்டுக்கும் 18 முறை சென்றனர்; ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இருந்தனர். ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 72 மணி நேரம்!

இதே பல்கலைக் கழகத்தில் முன்னர் ஆசிரியராயிருந்த ஜான் வாட்ஸன் என்பார், குழந்தைகளை முத்தமிடுதலும் மடியில் வைத்தலும் தகாவென்றும், காலையிற் கைகுலுக்குதலே போதுமென்றும் 1928-ஆம் ஆண்டு நூலெழுதிப் புகழ்பெற்றவர். அழுத குழந்தையை எடுத்தால் அழுகை வளரும் என்று அன்று பலர் நம்பினர். அம்மையாரும் அவர்தம் மாணவி சில்வியா பெல் என்பாரும் 1972-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. முதற் சில திங்களில் அழுகைக்கு விரைந்து செவிசாய்த்த தாயரின் குழந்தைகள், ஆண்டின் இறுதியிற் குறைவாகவே அழுதன. ‘எடுத்துப் பழக்கினால் இறங்காது’ என்று எம் ஊர்ப் பெரியோரும் கூறுவதுண்டு; கூறிக்கொண்டே எடுத்துவிடுதலும் உண்டு.

அம்மையார் பெயரை உலகறியச் செய்தது 20 நிமிடச் சோதனை ஒன்று. ஓராண்டு நிரம்பிய குழந்தையும் தாயும், விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த புதியதோர் அறைக்கு வருவர். அயலார் ஒருவர் நுழைவார். தாய் சிறிது பொழுது வெளியே சென்று மீள்வார், மீண்டும் ஒருமுறை செல்வார், மீள்வார். ஒவ்வொரு பகுதியும் மூன்று நிமிட அளவே. ஆராய்ச்சியாளர் மறைவிலிருந்து நோக்குவர். பிரிவில் எக்குழந்தை எவ்வளவு அழும் என்பதே உண்மையைக் காட்டும் என்று யாரும் எண்ணுவர். அம்மையார் கண்டதோ வேறு. தாய் செல்லும் நேரத்தினும், அவர் திரும்பிவரும் நேரத்திலேயே குழந்தையின் உள்ளம் வெளிப்பட்டது.

குழந்தைகள் மூவகைப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தாய் வந்தவுடன் ஓடி அணைந்து, அழுகை தீர்ந்து, மீண்டும் விளையாடச் சென்றன. சில குழந்தைகள் தாயை அணைந்தும் ஆறவில்லை. எடுத்தால் இறங்க முயலும், இறக்கினால் எடுக்கச் சொல்லும். ஊடல் என்பது தலைவன் தலைவியர்க்கே உரியதென்று அகப்பொருள் இலக்கணம் கூறும். ஆயினும் இக்குழந்தைகளைப் பற்றிப் படித்தபோது அச்சொல்லே எம் நினைவுக்கு வந்தது. எஞ்சிய குழந்தைகள் தாய் செல்லும்போது அழவில்லை; வரும்போது நோக்கவுமில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையுடன் இருந்தன. இவையே துணிவுள்ள குழந்தைகள் என்று தோன்றும். ஆனால் 1977-ஆம் ஆண்டு ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்னும் இருவர், இத்தகைய குழந்தைகளின் நெஞ்சுத் துடிப்பை அளந்தறிந்தனர். முகத்தில் ஒன்றுமில்லை, நெஞ்சோ விரைந்து துடித்தது.

இப்பகுதியைப் படித்தபோது யாம் சிறிது நேரம் நூலை மூடிவைத்தோம். எம் அன்னையார் மருத்துவமனையிற் செவிலியாகப் பணிபுரிபவர். யாம் பத்துத் திங்கட் குழந்தையாயிருந்தபோது, வீட்டுக்கடன் தீர்க்கும் பொருட்டுக் குவைத்து நாட்டுக்கு வேலைக்குச் சென்றார். எம்மை வளர்த்தவர் பாட்டியார். இரண்டாண்டு கழித்து அன்னையார் விடுமுறையில் வந்து இரு கைகளையும் நீட்டியபோது, யாம் பாட்டியின் சேலைக்குப் பின் ஒளிந்துகொண்டோம் என்றும், மூன்று நாள் அவரிடம் செல்லவில்லை என்றும் வீட்டில் பலமுறை கூறக் கேட்டிருக்கின்றோம். உறவினர் அதனை வேடிக்கையாகவே சொல்லுவர். அன்னையார் அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. ‘பிள்ளை என்னை மறந்துவிட்டது’ என்பதே அவர் கொண்ட முடிவு.

மூன்று நிமிடப் பிரிவும் இரண்டாண்டுப் பிரிவும் ஒன்றல்ல. நெடுநாட் பிரிந்த தாய் திரும்பிவரும்போது, குழந்தை அவரை அயலார்போல் நோக்குவதுண்டு என்று ராபர்ட்ஸனும் பௌல்பியும் முன்னரே எழுதியிருந்தனர். அது மறதியன்று, வருத்தம் மிகுந்தபோது உள்ளம் இட்டுக்கொள்ளும் திரை. இதனோடு மற்றொன்றும் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் ஷாஃபர், எமர்ஸன் என்பார் 60 குழந்தைகளை ஆராய்ந்து 1964-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, ஒன்றரை வயதிற் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டாரிடம் பற்றுவைத்திருந்தன. அவருட் சிலர் குழந்தைக்கு உணவூட்டாதவர். தமிழர்க்கு இது வியப்பன்று. அகப்பொருள் நூல்கள் தலைவிக்கு நற்றாய், செவிலித்தாய் என்று இருவரைக் கூறும். தலைவி உடன்போயினபோது பாலை நிலத்திற் சென்று தேடுபவள் செவிலியே. எம் வீட்டில் நற்றாய் தொழிலாற் செவிலியாகி அயல்நாட்டாருக்கு மருந்தூட்ட, பாட்டியார் எமக்குச் செவிலித்தாயாயினார். யாம் ஒளிந்தது அவர் சேலைக்குப் பின் என்பதை நினையுந்தோறும், ஒளிதற்கு ஒரு சேலையேனும் இருந்ததே என்று தோன்றுகின்றது.

அம்மையாரின் முறைக்கு மறுப்புக் கூறினாரும் உளர். எப்போதும் தாயோடு இருக்கும் ஜப்பானியக் குழந்தைக்கும், தனித்திருந்து பழகிய குழந்தைக்கும் மூன்று நிமிடம் என்பது ஒன்றாகாது என்றனர். அம்மறுப்பில் உண்மை உண்டு. எட்டு நாடுகளில் நடந்த 32 ஆராய்ச்சிகளை 1988-ஆம் ஆண்டு டச்சு நாட்டு அறிஞர் இருவர் ஒப்பிட்டு நோக்கினர்; நாட்டுக்கு நாடு உள்ள வேற்றுமையினும் ஒரு நாட்டுக்குள் உள்ள வேற்றுமையே பெரிதாக இருந்தது. ஆதலின் ஒரு சோதனையைக் கொண்டு ஒரு குலத்தையோ ஒரு குடும்பத்தையோ அளந்துவிடல் தகாது.

இலக்கிய மாணவராகிய எம்மை மிகவும் கவர்ந்தது அம்மையாரின் மாணவியாகிய மேரி மெயின் செய்த ஆராய்ச்சி. இவர் மொழியியல் கற்க விரும்பிப் பின் அம்மையாரிடம் வந்துசேர்ந்தவர். வளர்ந்தோரிடம் அவர்தம் இளமையைப் பற்றி வினவும் முறையொன்றை, மாணவியர் இருவருடன் சேர்ந்து வகுத்தார். ‘உம் தாயோடு உமக்கிருந்த உறவை ஐந்து சொற்களாற் குறிப்பிடுக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறுக’ என்பது அதில் ஒரு வினா. ‘அன்பு’ என்று கூறிச் சான்று ஒன்றும் தரவியலாதாரும் உண்டு. கசப்பான இளமையையும் தெளிவாகக் கூறவல்லாரும் உண்டு. மெயின் 1985-ஆம் ஆண்டு வெளியிட்டவற்றின் சாரம் இது: நிகழ்ந்தது யாது என்பதனினும், அதனை முன்பின் முரணின்றி எடுத்துரைக்க இயலுகின்றதா என்பதே, அவர்தம் குழந்தைகளின் பற்றோடு மிகுதியும் தொடர்புடையது. இளமையில் இடருற்றாரும், அதனை ஒளிக்காமலும் அதில் அமிழாமலும் கூற வல்லாராயின், தம் மக்களுக்கு நல்ல துணையாதல் கூடும்.

இதனைப் படித்த துணிவினால், சென்ற கோடை விடுமுறையில் அன்னையார் ஊர் வந்திருந்தபோது அந்தப் பழைய நிகழ்ச்சியை யாமே எடுத்துப் பேசினோம். முகந்திருப்பிய குழந்தைகளின் நெஞ்சுத் துடிப்பைப் பற்றிக் கூறினோம். ‘அம்மா, மறந்த பிள்ளை ஒளிந்துகொள்ளாது’ என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், அவ்விரண்டாண்டும் தாம் குழந்தைகள் வார்டில் வேலை ஏற்க மறுத்து, முதியோர் வார்டையே கேட்டு வாங்கிக்கொண்டதாகக் கூறினார். யாம் இதனை அன்றுவரை அறியோம்; பாட்டியாரும் அறியார். முகந்திருப்பி நின்றது குழந்தை மட்டுமன்று என்பது அப்போது விளங்கிற்று. அன்று மாலை ஆலயத்துக்குச் செல்லும் வழியெல்லாம் அன்னையார் குவைத்தைப் பற்றியே பேசிவந்தார். அத்தனை பேச்சை அவரிடம் யாம் முன் கேட்டதில்லை.

ஐன்ஸ்வொர்த் அம்மையார் 1970-களின் நடுவில் விர்ஜீனியாப் பல்கலைக் கழகத்துக்குச் சென்று, 1984-ஆம் ஆண்டு ஓய்வுபெற்று, 1999-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மறைந்தார். டொராண்டோ, இலண்டன், கம்பாலா, பால்டிமோர் என்று அவர் சென்ற ஊர்கள் பல. அவற்றுட் சில அவரே தேடிச் சென்றவை அல்ல. கணவரின் வேலையைத் தொடர்ந்து சென்றவை. எங்குச் சென்றாலும் ஒரு வீட்டின் மூலையில் அமர்ந்து, ஒரு குழந்தையை நோக்கி, கண்டதை எழுதினார். அவரிடம் பயின்ற மாணவர் பலர், தனித்தனியே ஆராய்ச்சி நடத்திப் புகழ்பெற்றனர். தம் கொள்கையை அவர் வகுப்பிலும் வாழ்ந்து காட்டினார் போலும்.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். குழந்தை எதனைத் தளமாகக் கொண்டு உலகை நோக்கிப் புறப்படுகின்றதோ அதற்கு இவ்வாராய்ச்சியாளர் ஆங்கிலத்தில் ஒரு பெயரிட்டனர். அதற்கேற்ற தமிழ்ச் சொல்லைத் தேடியபோது, பற்றுக்கோடு என்னும் பழஞ்சொல் கிடைத்தது. கோடு என்பது கொம்பு. பாரி தன் தேரையே கொழுகொம்பாக ஈந்தான் என்று முல்லைக்கொடியின் செய்தியைக் கற்கின்றோம். கொம்பைப் பற்றிய கொடி அதிலேயே அடங்கிவிடுவதில்லை; அதனைப் பற்றியே மேலே படர்கின்றது. தளையும் பற்றுவதுதான், கொம்பும் பற்றுவதுதான். ஒன்று இயங்காமல் நிறுத்தும். மற்றொன்று வளர விடும். பற்றினை விடுவதற்கும் வேறொரு பற்றே துணை என்று துறவு கூறவந்த திருவள்ளுவரும் உரைத்திருத்தலின், ஏட்டுக்கும் வீட்டுக்கும் பகை இல்லை என்றே கருதுகின்றோம்.

ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் நாளில் விடுதி வாயிலிற் பெட்டியுடன் வந்திறங்கும் புதிய மாணவருட் சிலர் அழுவர். சிலர் பெற்றோரைத் திரும்பியும் பாரார். அழுவாரை நகைத்தலும் அழாதாரைப் புகழ்தலும் விடுதி வழக்கம். இரண்டும் வேண்டா. முதல் வாரத்தில் இருசாரார்க்கும் உணவு மண்டபத்திற் பக்கத்தில் அமர ஒருவர் வேண்டும். அவ்விடத்தை மூத்த மாணவராகிய நாம் நிரப்புவோமாக.